மிட்டாவுக்கு வைத்த முட்டை

கண்ணு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் கையெழுத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு நேராக வந்தது. பதில் நான் எழுதுகிறேன் என்று உன் அப்பா பேனாவை எடுத்தார். அவர் எழுதினால் ‘இவ்விடம் யாவரும் நலம், மழை இல்லை, செவலைப் பசு சினை’ என்று மூன்று வரியில் முடித்துவிடுவார். பிடுங்கிக்கொண்டேன். என்னைப் பெற்றவர் ராசிபுரத்தில் அஞ்சாவது வரைக்கும் என்னைப் படிக்க வைத்தது இப்படி ஒரு நாளுக்காகத்தான் என்று வைத்துக்கொள். நடுவில் பிரித்துப் பார்க்கிற பட்டாளத்து ஆபீசரும் படிக்கட்டும். நீ இருக்கிற ஊர்ப் பெயரின் மேல் கறுப்பு மையைப் பூசி அனுப்பியிருக்கிறாரே, அந்தப் புண்ணியவான். இதில் மை பூச ஒன்றும் இல்லை. ஒரு கவுதாரிக்குத் தீனி செய்கிற விதம்தான் இருக்கிறது. அவர் வீட்டிலும் கூண்டுப் பறவை இருந்தால் அவருக்கும் உதவும்.

லாரி கவிழ்ந்து, தொடை எலும்பு முறிந்து, வடக்கே எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய். உயிருக்கு ஆபத்தில்லை என்று நீ எழுதியதை நாலு தரம் படித்துவிட்டுத்தான் மேலே படித்தேன். எலும்பு இன்னும் கூடவில்லையாம். உடம்பில் சத்து இல்லை, முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் தவறாமல் சாப்பிட்டால்தான் கூடும், இல்லாவிட்டால் கால் கோணலாக நின்றுவிடும் என்று டாக்டர் சத்தம் போடுகிறாராம். நீ தொடுவதில்லையாம். ‘அம்மா, உங்கள் வேண்டுதல் கெடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதீர்கள், என் பங்கு முட்டையைப் பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கொடுத்துவிடுகிறேன்’ என்று ஏதோ மெடல் வாங்கினவன் போல எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எதிரில் இருந்திருந்தால் கட்டிக்கொண்டு, அப்புறம் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். கடைசி வரியில், உன் கவுதாரி மிட்டா எப்படி இருக்கிறான், தீனி என்ன போடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அதைச் சொன்னால் மற்றதற்கும் பதில் வந்துவிடும். அவசரப்படாமல் படி. படுத்துத்தானே இருக்கிறாய்.

மிட்டா உனக்கு எப்படி வந்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். ஆனால் உனக்குத் தெரியாத பாதியும் உண்டு. கடலைக்காட்டில் களை வெட்டும்போது வரப்போரத்துப் புல்லில் கவுதாரி முட்டைகளைக் கண்டாய். தாய்ப்பறவையை நாய் கவ்விவிட்டது என்று சொல்லித் துண்டில் முடிந்து கொண்டுவந்தாய். நம் கருங்கோழி அப்போது அடையில் இருந்தது. அதன் அடியில் தள்ளிவிட்டாய். மற்ற முட்டைகள் கூமுட்டையாகிப் போக, இவன் ஒருவன் மட்டும் பொரித்து வெளியே வந்தான். கட்டைவிரல் உயரம் இருந்துகொண்டு நெஞ்சை நிமிர்த்தி முற்றத்தில் நடந்தான். குதிரை வண்டியை விட்டு இறங்கி வரி கேட்க வருகிற மிட்டாதாரர் மாதிரி நடக்கிறான் பாருங்கள் என்று நீ சிரித்தாய். பெயர் ஒட்டிக்கொண்டது. மீசை முளைத்தவன் கோழிக்குஞ்சோடு விளையாடுகிறான் என்று உன் அப்பா உன்னைத் திட்டினாரே, அந்த மனிதர்தான் நீ காட்டுக்குப் போன பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புற்றைக் கொத்தி, கரையானைச் சிரட்டையில் அள்ளி வந்து அவன் முன்னால் வைப்பார். நான் பார்ப்பது தெரிந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிற மாதிரி நகர்ந்துவிடுவார்.

நீ பட்டாளத்தில் லாரி ஓட்டப் போகிறேன் என்று கிளம்பினாய். சேலத்தில் உன்னை ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாளே நான் நாமக்கல் போனேன். நரசிம்மர் சந்நிதியில் நின்று, என் பிள்ளை திரும்பி வந்து வாசற்படி மிதிக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது என்று வேண்டிக்கொண்டேன். கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. என் ஒருத்தியின் வாயைக் கட்டினால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு பெரிதாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு பத்திரமாக உன்னைத் திருப்பித் தருவார் என்று நினைத்தேன். வீடு முழுவதையும் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் சொன்னேன், உன் அப்பாவை விட்டு உனக்கும் எழுதச் சொன்னேன். புரட்டாசிக்கு ஒரு மாதம் இருப்பது பத்தாது என்று வருஷம் முழுக்கப் புரட்டாசியாக்கிவிட்டாள் என்று உன் அப்பா முனகினார். சந்தைக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் அவர் வாயில் வெற்றிலை மணக்கும். எதை மறைக்க இவ்வளவு வெற்றிலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்கவில்லை. வீட்டுக்கு வெளியேதானே என்று விட்டுவிட்டேன். கோழிகளை மட்டும் லட்சுமி பெரியம்மாவிடம் பிடித்துக் கொடுத்தேன். கருங்கோழியும் போயிற்று.

இந்த இடத்தில்தான் உன் அம்மாவின் புத்தி வேலை செய்தது. வீட்டில் கவுச்சி கிடையாது என்றால் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கிடையாது. மிட்டா வீட்டில் இருக்கிறான். கரையானும் உயிர். வெட்டுக்கிளியும் உயிர். அதை அவன் தின்றால் அதுவும் கவுச்சிதான். இப்படி ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போய், மிட்டாவையும் சைவமாக்கினேன். சிரிக்காதே. கட்டிலில் கிடந்துகொண்டு நீ செய்துகொண்டிருப்பதும் இதேதான்.

அவனுக்கு நான் குறை வைக்கவில்லை, கண்ணு. கம்பைப் புடைத்து, லேசாக வறுத்து, திருகையில் ஒன்றிரண்டாக உடைத்தேன். தினையைக் கல் பொறுக்கிச் சேர்த்தேன். பொட்டுக்கடலையை மாவாக்கி, ராசிபுரத்து நெய்யை உருக்கி விட்டுப் பிசறி, முருங்கைக்கீரையை நிழலில் காயவைத்து நொறுக்கிக் கலந்தேன். காலையில் குளித்துவிட்டுத்தான் அதைத் தொடுவேன். பெருமாளுக்கு நைவேத்தியம் செய்கிற மாதிரி செய்தேன். உனக்கு அங்கே யார் பார்த்துப் போடுகிறார்களோ, உன்னை நினைத்து இவனுக்குப் போடுகிறேன் என்று நெய்யை ஒரு கரண்டி கூடவே விடுவேன். முதலில் நன்றாகத்தான் தின்றான். கழுத்து பருத்து, உருண்டு திரண்டு, மெய்யாகவே மிட்டாதாரர் ஆனான். பார்த்தீர்களா, சைவத்தில் இல்லாத சத்தா என்று உன் அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே தலையை ஆட்டினார்.

ஆடி பிறந்ததும் இறகு உதிர்க்கத் தொடங்கினான். வருஷா வருஷம் உதிர்ப்பதுதான். ஆனால் இந்த முறை புது இறகு வரவில்லை. முதுகில் தோல் தெரிந்தது. விடியற்காலை நம்மை எழுப்புகிற அந்தக் கத்தல் குறைந்து, அப்புறம் நின்றே போயிற்று. அதே நாட்களில்தான் உன் கடிதமும் நின்றது. மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது, வரவில்லை. தபால்காரர் நம் தெருப்பக்கம் திரும்பாமல் நேராகப் போகிறதை வாசலில் நின்று பார்ப்பேன். என் மனசு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. வேண்டுதலில் எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது, அதனால்தான் மகன் கடிதமும் இல்லை, அவன் பறவைக்கும் தெம்பு இல்லை என்று முடிவு கட்டினேன். ஓட்டையைத் தேடினேன். ஒரு நாள் சாயங்காலம் கூட்டை விட்டு இறங்கின மிட்டா மண்ணைக் கிளறி ஓர் எறும்பைக் கொத்தி விழுங்கினான். என் கண் முன்னாலேயே. அன்றிலிருந்து அவனை இறக்கிவிடவில்லை. மேயவிட்டால் எதையாவது கொத்திவிடுவானே என்று கூட்டிலேயே அடைத்துவைத்தேன். நானும் ஒருபொழுதாக்கிக்கொண்டேன். அவன் வாட வாட, நான் கட்டுப்பாட்டை இறுக்கிக்கொண்டே போனேன். நெய்யை இன்னும் ஒரு கரண்டி விட்டேன்.

புரட்டாசியில் ஒரு காலை கூட்டின் துணியை விலக்கிப் பார்த்தால், நெஞ்சு மணலில் பட, கால் இரண்டையும் பின்னால் விட்டுக்கொண்டு கிடக்கிறான். தூக்கி நிறுத்தினேன். கால் நடுங்கிச் சரிந்தான். கையில் எடுத்தபோது மேலுக்குப் பருமனாக இருந்தவன் உள்ளே ஒன்றுமில்லாமல் லேசாக இருந்தான். உன்னைத்தான் கையில் வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். உன் அப்பா மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தார். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் அவன் முதுகைத் தடவினார். அவர் பேசுகிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். அன்றைக்குப் பேசினார்.

“ஏம்புள்ள, சாமிகிட்ட வேண்டுனது நீயி. இந்த வாயில்லாச் சீவன் எங்க வந்து வேண்டுச்சு? அதோட வாய எதுக்குப் புள்ள நீ கட்டுன?”

எனக்குச் சுருக்கென்று வந்தது. நீங்கள் சந்தையில் மூக்கு முட்டத் தின்றுவிட்டு வந்து எனக்குப் புத்தி சொல்கிறீர்களா என்று எரிந்து விழுந்தேன். முட்டை கொடுத்துப் பாரு புள்ள, இறகு போடுற காலத்துல அதுக்கு அதுதான் மருந்து, என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அவர் சொன்னது எனக்குத் தெரியாததா? பொரித்த நாளிலிருந்து நீ அவனுக்குக் கரையானும் அவித்த மஞ்சள்கருவும் ஊட்டினதைப் பார்த்தவள்தானே நான். தெரிந்தேதான் நிறுத்தினேன். என் பயம் வேறு. அதுவும் புரட்டாசியில் நான் முட்டையைத் தொட்டு, மறுநாள் உன்னைப் பற்றித் தந்தி வந்தால் நான் என்ன செய்வேன்? மிட்டாவா, மகனா என்று தராசில் வைத்துப் பார்த்தேன். மகன்தான் என்று எந்தத் தாயும் சொல்லிவிடுவாள். ஆனால் மகனைக் காப்பாற்ற இன்னொரு உயிரைப் பட்டினி போட்டுக் கொல்லு என்று பெருமாள் எங்கே கேட்டார்? அவர் கேட்கவே இல்லை. நானாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் கேட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இது உறைத்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன்.

லட்சுமி பெரியம்மா வீட்டு வாசலில் நின்றபோது என் மானம் போயிற்று. கவுச்சி நாற்றம் அடிக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று அவளிடமே பீற்றியிருக்கிறேன். அக்கா, ஒரு முட்டை வேணும் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். யாருக்கு என்றாள். மிட்டாவுக்கு என்றேன். கோழிக்கூடையில் கையை விட்டுக்கொண்டே, “மிட்டாதாரு ஊட்டுக்குக் குத்தகை கட்டப் போறயாக்கும். ஒண்ணு பத்தாது, ரெண்டாக் கொண்டு போ சாமி,” என்றாள். அவள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. முட்டையைக் கையில் வைத்தபோது சூடாக இருந்தது. கருங்கோழி அப்போதுதான் இட்டதாம்.

வீட்டு அடுப்பில் ஏற்ற மனசு வரவில்லை. கிணற்றடிக்குப் போய் மூன்று கல்லைக் கூட்டி, விளிம்பு உடைந்த சட்டியில் தண்ணீர் வைத்து, கடலைக்கொடிச் சருகைப் போட்டு எரித்தேன். ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்த உன் அப்பா மேலிருந்தே பார்த்தார். “ஊட்டுக்கு வெளியதான புள்ள,” என்றார். அவர் சந்தை சமாசாரத்துக்கு நான் மனசுக்குள் சொல்லிக்கொண்ட அதே சமாதானம் அவர் வாயிலும் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நீ போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சட்டியில் தண்ணீர் கொதிக்கும்போது பெருமாளிடம் சொன்னேன். இதனால் ஏதாவது கேடு வருமானால் என் தலையில் வரட்டும், என் பிள்ளை தலையில் வேண்டாம், இந்தக் கவுதாரி தலையிலும் வேண்டாம் என்றேன். பயமாகத்தான் இருந்தது. அப்படியும் உரித்தேன்.

இனி நீ கேட்ட தீனி. நன்றாகக் கேட்டுக்கொள், நாளைக்கு நீயே செய்ய வேண்டியது. முட்டையைக் கெட்டியாக அவித்து மஞ்சள்கருவை விரலால் உதிர்த்துக்கொள். அதே அளவு பொட்டுக்கடலை மாவு. அதைவிடக் கூடுதலாக உடைத்த கம்பும் தினையும். காய்ந்த முருங்கைக்கீரை ஒரு சிட்டிகை. முட்டை ஓட்டை எறிந்துவிடாதே, அதையும் நன்றாகக் கொதிக்கவிட்டு, வறுத்துப் பொடித்துத் தூவு. அதுதான் எலும்புக்கு. நெய் இரண்டு சொட்டுக்கு மேல் கூடாது. நான் பாசத்தில் விட்ட நெய்தான் பாதி கெடுத்தது. கொழுப்பைப் பார்த்து நான் சத்து என்று ஏமாந்துபோனேன். உப்பு துளியும் சேர்க்காதே. பழைய கடலை பூசணம் பிடித்திருந்தால் காக்கைக்குக்கூடப் போடாதே. முட்டை சேர்த்ததை அன்றன்றைக்குச் செய்து, மிச்சத்தை எடுத்து எறிந்துவிட வேண்டும், ஒரு பொழுது தாண்டினால் புளித்துவிடும். முட்டையும் தினமும் வேண்டாம், இறகு போடுகிற காலத்தில் மட்டும் ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும். மற்ற நாளுக்குக் கரையான். உன் அப்பா இப்போது புற்றை இடிப்பதில்லை. பழைய கலயத்தில் காய்ந்த சாணியையும் சோளத்தட்டையையும் அடைத்து, தண்ணீர் தெளித்து, வேலியோரம் கவிழ்த்துவைக்கிறார். காலையில் நிமிர்த்தினால் கலயம் நிறையக் கரையான். சிரட்டையில் தண்ணீர், தட்டில் பொடிமணல், ஒரு பிடி அறுகம்புல். சாயங்காலம் கூட்டைத் திறந்துவிடு. மண்ணைக் கிளறித் தானாக ஒன்றைக் கொத்தித் தின்றால்தான் அவனுக்குத் தின்ற மாதிரி.

முதல் நாள் அவன் வாயைத் திறக்கவில்லை. பிசிறு பிசிறாகத் தண்ணீரில் நனைத்து அலகோரம் தடவினேன். விழுங்கினான். அப்புறம் இன்னொன்று. மறுநாள் தலையைத் தூக்கினான். கால் ஊன்றி நிற்க நாள் பிடித்தது, முதுகில் முள் முள்ளாக இறகு முளைக்க இன்னும் நாள் பிடித்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு விடியலில் கத்தினான். உன் அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்து, கேட்டாயா என்பது போல என்னைப் பார்த்தார். என்னால் அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க முடியவில்லை. உன்னிடமிருந்து இன்னும் ஒரு வரி இல்லை. தபால்காரர் வராவிட்டாலும் பயம், வந்தாலும் பயம். அடுத்த வீட்டுக்காரருக்குத் தபால் கொடுத்துவிட்டு அவர் திரும்பினால் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். முட்டையைத் தொட்டவள் நான், மகனைப் பலி கொடுத்தேனோ என்று நினைத்துக்கொள்வேன். இதை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. லாரி கவிழ்ந்தது ஆடியில் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் என் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. ஆடியில் நான் முட்டையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஒருபொழுது இருந்தேன். எறும்பைக்கூடக் கொத்தவிடாமல் ஒரு பறவையை அடைத்துவைத்திருந்தேன். என் கட்டுப்பாடெல்லாம் உச்சத்தில் இருந்தபோது உன் கால் முறிந்திருக்கிறது. நான் கிணற்றடியில் முட்டை அவித்துக்கொண்டிருந்தபோது நீ காய்ச்சல் தெளிந்து பிழைத்திருக்கிறாய். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சாமியைக் குறை சொல்ல நான் ஆள் இல்லை. அந்த லாரிக்கு அடியிலிருந்து உன்னை உயிரோடு இழுத்துக் கொடுத்தவர் அவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மிட்டா வாயைக் கட்டினதால் அல்ல. அது மட்டும் தெரிந்துவிட்டது.

நேற்று நாமக்கல் போய் வந்தேன். சண்டையால் பெட்ரோல் இல்லாமல் இப்போது கரி போட்டு ஓட்டுகிறார்களே, அந்த பஸ்தான். மேட்டில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள், உன் அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். சந்நிதியில் நின்று, உள்ளதை உள்ளபடி சொன்னேன். சாமி, வேண்டினவள் நான், வாயும் என் வாய்தான், வீட்டில் மற்றவர்களை உங்கள் காலில் கட்டிப்போட எனக்கு உரிமை இல்லை, அவர்களை அவிழ்த்துக்கொண்டு போகிறேன் என்றேன். பூ விழுந்தது, மணி அடித்தது என்றெல்லாம் உனக்குக் கதை எழுத மாட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. துளசி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து, இனிமேல் வெற்றிலை அவ்வளவு போட வேண்டியதில்லை என்று உன் அப்பாவிடம் சொன்னேன். மனிதர் காது வரைக்கும் சிவந்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “காலு கூடாம அவன் எப்படிப் புள்ள நடந்து வருவான்? அதையும் சேத்து எழுது,” என்றார். எழுதிவிட்டேன்.

நீ சின்னதிலிருந்தே இப்படித்தான். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுத்த கம்பஞ்சோற்றை எவனுக்காவது கொடுத்துவிட்டு, எனக்குப் பசியில்லை என்று ஒட்டின வயிற்றோடு வந்து நிற்பாய். உன்னிடம் இருக்கிற நல்ல குணம் அது, அதை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் கண்ணு, கொடுக்கிறதிலும் ஒரு வீம்பு ஒளிந்துகொண்டிருக்கும். எனக்கு அது மிட்டா மணலில் கிடந்தபோதுதான் தெரிந்தது. நான் உனக்காகப் பட்டினி கிடக்கிறேன், நீ எனக்காகப் பட்டினி கிடக்கிறாய், இப்படி மாறி மாறிக் கிடந்தால் யார் யாரைக் காப்பாற்றுவது? என் பேரில் நீ எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு அவன் பங்கு வரும், அவனையும் பெற்றவள் ஒருத்தி எங்கோ வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். உன் பங்கு உனக்கு.

வேண்டுதலை நான் விடவில்லை. என் வாய்க்கு நான் போட்ட கட்டு நீ வருகிற வரைக்கும் இருக்கும், அது எனக்கும் சாமிக்கும் உள்ள பேச்சு, அதில் நீ தலையிடாதே. உனக்கு அதில் பங்கு இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. முட்டை உரித்தபோது சாமிக்குத் துரோகம் செய்கிறோமோ என்று எனக்குத் தோன்றியது போல, சாப்பிடும்போது அம்மாவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று உனக்கும் தோன்றும். அப்போது நான்தான் உரித்து ஊட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு விழுங்கு. டாக்டர் சொல்வதைக் கேள். சாப்பிடவில்லை என்று உன்னைத் திட்டுகிறதாக நீ எழுதிய அந்த நர்ஸம்மாவுக்கு என் கும்பிடைச் சொல்லு. இன்னும் கொஞ்சம் உரக்கவே திட்டச் சொல்லு.

பதில் எழுதும்போது ஊர் பேர் வேண்டாம், சண்டை சமாசாரம் வேண்டாம். ஆபீசர் மை பூசிவிடுவார். முட்டை சாப்பிட்டேன் என்று ஒரு வரி எழுது, போதும். அதன் மேல் மை பூச எந்த ஆபீசருக்கும் மனசு வராது.

உன் அம்மா